ஊட்டுக்கு ஒரு காப்பு

கையை நீட்டியது சுமலதாதான். யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை, மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மாமியார் இல்லாத வீடு என்பதால் பழியைப் புருஷன் தலையில் போட்டவர்களும் உண்டு. வெங்கடேசன் எத்தனையோ விஷயத்தில் பழிக்கு உரியவன்தான், ஆனால் இதில் இல்லை.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, பொழுது இறங்குகிற நேரம். மேல்காற்று ஈச்சங்கண்டிகைத் தெருப் புழுதியையெல்லாம் வாரி வீடுகளுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சுமலதா வாசலில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையில் பாதி காற்றோடு போனது. அப்போதுதான் பம்பைச் சத்தம் தெருமுனை திரும்பியது. பூசாரி அருணாச்சலம் மஞ்சள் கயிற்றுக் கத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்.

கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்ற நாள் குறித்துவிட்டால் வீட்டுக்கு ஒரு காப்பு. ஒருத்தர் கட்டிக்கொண்டால் வீடே கட்டிக்கொண்ட மாதிரி. கட்டியவர் மறு ஞாயிறு கூழ் ஊற்றி முடிகிறவரை கவுச்சி தொடக்கூடாது. கூழுக்கு ஆன வேலையெல்லாம் அவர் கையால்தான் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கயிற்றை அறுக்கக்கூடாது. அதனால் போக வர வேலை இல்லாதவர்களாகப் பார்த்துத்தான் கட்டுவது. வெங்கடேசன் வீட்டில் போக வர வேலை இல்லாதவள் சுமலதா. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் கையில்தான் கட்டுகிறார்கள்.

பூசாரி வாசலில் வந்து நின்றார். அவள் எழுந்தாள், கையைப் புடவையில் துடைத்தாள், இடது கையை நீட்டினாள். வேப்பிலை வைத்து மூன்று முடிச்சு விழுந்தது. "ஆத்தா, இந்த ஊட்ட காப்பாத்து" என்று சொல்லி நெற்றியில் ஒரு கோடு திருநீறு இழுத்துவிட்டு அவர் அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

எதிர்வீட்டுப் பச்சையம்மா ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆடு எண்ணுவதைவிட ஊரை எண்ணுவதில்தான் கண்.

"ஏன்டி லதா, திங்கக்கெழம கம்பெனிக்கு போறேன் போறேன்னு சொல்லிக்கினு இருந்த. இப்ப காப்பு கட்டிக்கினு நிக்கிற?"

சுமலதாவுக்கு அப்போதுதான் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. கையைப் பார்த்தாள். மஞ்சள் ஈரம் இன்னும் காயவில்லை.

"ஐயோ, அக்கா! மறந்தே பூட்டேன் அக்கா!"

"மறப்பியா? நல்லா மறந்த போ. சோறு துன்னவா மறந்த?"

அவள் ஓடிப்போய்ப் பூசாரியை மறித்து, "அண்ணா, இத்த அவுத்துடுண்ணா, தெரியாம நீட்டிட்டேன்" என்றாள். அருணாச்சலம் பாம்பைக் கண்ட மாதிரி ஒரு அடி பின்னால் போனார். "இன்னாம்மா வெளையாடறியா? கட்டின கயித்த அவுக்கிறதா? பிள்ளகுட்டி இருக்கிற ஊடு. வாயக் கழுவு போ" என்றார்.

அந்தத் திங்கட்கிழமைக்காக அவள் எத்தனை நாள் தவம் இருந்தாள் என்பது பூசாரிக்கு எங்கே தெரியும்! ஊரை ஒட்டி, ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரு பிஸ்கட் கம்பெனி இருந்தது. சாயங்காலமானால் வெண்ணெய் வாசனை காற்றில் வந்து பிள்ளைகளைப் படிக்க விடாமல் செய்யும். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வரக்கூடிய பெண்களுக்கென்று அரைநாள் வேலை போட்டிருந்தார்கள். காலை ஒன்பதரைக்குப் போனால் மதியம் ஒன்றரைக்கு வீடு திரும்பிவிடலாம். 'ஊட்டம்மா ஷிப்டு' என்று ஊரில் அதற்குப் பெயர்.

சுமலதா ஆர்.கே.பேட்டைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் லைன் லீடராக இருந்தவள். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் நடந்தால் இருபது பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அந்த அட்டை இன்னும் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. கல்யாணத்தோடு விட்ட வேலை, மகள் பூமிகா வயிற்றில் வந்ததும் திரும்பப் போகும் பேச்சும் நின்றது. 'பிள்ளை தவழட்டும்', 'பிள்ளை நடக்கட்டும்', 'பள்ளிக்கூடம் சேரட்டும்' என்று தள்ளிப்போட்டு, பூமிகா இப்போது ஆறாம் வகுப்பு.

வீட்டு நிலைமையும் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சொந்த நிலத்தில் நெல் போடுகிற குடும்பம்தான். போன கார்த்திகை மழையில் கதிர் தலைசாய்ந்து நீரில் கிடந்து முளைத்துவிட்டது. டிராக்டருக்கு மாதாமாதம் கட்ட வேண்டியது நின்றது. கறவை மாட்டை விற்றுப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டினார்கள். மாடு போன மறுநாள் காலையில் கட்டுத்தறியைப் பார்த்து அழுதது சுமலதா மட்டும்தான். வெங்கடேசன் பக்கத்து டவுனான சத்தியவேட்டுக்குப் போய்விட்டான்.

அன்றைக்கும் அவன் அங்கிருந்துதான் வந்தான். வண்டியை நிறுத்தும்போதே அவள் கையைப் பார்த்துவிட்டான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேலைக்குப் போவதற்கு அவன் சரி என்று சொன்னது உண்மை. சொன்ன நாளிலிருந்து அது நடக்காமல் போக ஏதாவது வராதா என்று பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மை.

"ஆத்தாவே சொல்லிட்டா பாத்தியா. நான் ஒண்ணியும் சொல்லலப்பா" என்றான்.

"ஆத்தா எங்க சொன்னா? நான்தான் புத்திகெட்டு நீட்டிட்டேன்."

"நீட்ட வச்சது யாரு? எல்லாம் அவ வேலதான்."

சுமலதா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். நீ மாத்திக் கட்டிக்கோயேன். பொம்பளைக்கு தூரம் ஆயிட்டா புருசன் கைக்கு மாத்தற வழக்கம் கீதில்ல? போன வருசம் லோகு பொண்டாட்டிக்கு அப்டித்தான பண்ணாங்க."

"தூரமானவளுக்கு அது. உனுக்கு இன்னா கேடு?"

"எனுக்கு வேல கீது. அது கேடு இல்லியா?"

"நான் காப்பு கட்டிக்கினு ஊட்டுல குந்திகினா டிராக்டர யாரு ஓட்டறது? சத்தியவேட்டுல ஆளுங்க கூப்ட்டுக்கினே கீறாங்க."

"ஒரு மழ எறங்கல, எவன் மாமா ஏரு ஓட்டறான்? டிராக்டர் இங்கதான் நிக்கிது. நீ மட்டும் அங்க போயி டீக்கடையில கேரம் ஆடிக்கினு கீற. எனுக்குத் தெரியாதா?"

உள்ளே படித்துக்கொண்டிருந்த பூமிகா தலையை நீட்டினாள். "நைனா, நீயே கட்டிக்கோ நைனா. அம்மா கம்பெனிக்கு போனா பிஸ்கட் கொண்ணாரும்."

"நீ படிடி! வந்துட்டா பஞ்சாயத்துக்கு." அவன் சொம்பைத் தரையில் ஓங்கி வைத்தான். "மெய்யாலுமே கேக்கறேன் லதா. அந்தக் கம்பெனி எது மேல நிக்கிது? நம்ம ஊரு மேய்க்கா மேல. எங்கப்பன் மாடு மேச்ச எடம். அத்தப் புடுங்கிக்கினு செவுரு கட்னவனாண்ட போயி என் பொண்டாட்டி கை கட்டிக்கினு நிக்கணுமா?"

"கை கட்டிக்கினு நின்னா பிஸ்கட்ட யாரு அடுக்கறது? வேல செய்யத்தான கூப்புடறாங்க."

"பேஜாரு பண்ணாத. ஆத்தா முடிவு பண்ணிட்டா."

அந்த மேய்க்கால் நிலத்தைப் பற்றிப் பேச வெங்கடேசனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டுதான். மண்ணை அள்ள இயந்திரம் வந்த நாளில் ஊர் ஜனங்களோடு போய் அதன் முன்னால் குறுக்கே படுத்தவன் அவன். போலீஸ் வந்து அள்ளிப் போட்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல இயந்திரம் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இப்போதெல்லாம் அதற்கு யானை உயரம்.

ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி கிளறி, கீரையைக் கடைந்து வைத்தாள். அவன் ருசித்துத் தின்றான். இவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கயிற்றைச் சுண்டி எறிந்துவிட்டுப் போயேன் என்று யாராவது சொல்லலாம். சொல்வது சுலபம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பூமிகாவுக்கு அம்மை போட்டுக் கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது, வேப்பிலையை விரித்து அதில் பிள்ளையைக் கிடத்தி, 'ஆத்தா, உனக்கு நான் என்ன குறை வைத்தேன்' என்று கதறியவள் அவள். பிள்ளை கண் திறந்ததும் கோயில் மண்ணில் விழுந்து புரண்டவளும் அவள்தான். அந்தக் கயிற்றை அறுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடுமே என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. இரண்டு பயத்துக்கும் நடுவில் மனுஷி தூங்குவது எப்படி?

சனிக்கிழமை அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வாசலைப் பெருக்கினாள். பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினாள். கூழுக்குக் கேழ்வரகைப் புடைத்து வைத்தாள். கம்பெனிக்கு என்று வாங்கி வைத்திருந்த மூடின ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு சமையலறைக்கும் பின்வாசலுக்குமாக நடந்து பார்த்தாள். ஏரிக்கரையில் ஏறி நின்றாள். நீர் வற்றிய ஏரிக்கு அப்பால் கம்பெனியின் நீலத் தகரக்கூரை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அங்கிருந்தே சூப்பர்வைசர் கிரேசுக்குப் போன் போட்டாள்.

"மேடம், நான் ஈச்சங்கண்டிகை சுமலதா பேசறேன். ஒரு வாரம் கழிச்சு சேந்துக்கட்டுமா மேடம்?"

"தாராளமா வாம்மா. ஆனா எடம் இருக்கும்னு நான் சொல்ல முடியாது. உனக்குப் பின்னாடி ஒரு பட்டாளமே காத்துக்கினு இருக்குது. திங்கக்கெழம ஒம்போதரைக்கு யாரு நிக்கறாங்களோ அவங்களுக்குத்தான் வேல."

குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. சுமலதா தானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவள்தான். கரையிலேயே உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு எழுந்தாள். அழுது எந்தக் கயிறு அவிழ்ந்தது?

அன்று இருட்டினதும் ஆம்பிளைகள் எல்லை கட்டக் கிளம்பினார்கள். காப்பு கட்டின மறுநாள் பம்பையும் தீவட்டியுமாக ஊர் எல்லையைச் சுற்றி வந்து, பலிச்சோறு இறைத்து, எல்லைக்கல்லில் பூசணிக்காய் உடைப்பது வழக்கம். சுற்றிய இடத்துக்கு உள்ளே இருப்பதெல்லாம் ஆத்தாவின் காவலில். வெங்கடேசன் தீவட்டியோடு முன்னால் போனான். அவர்கள் போன பிறகும் பம்பைச் சத்தம் எங்கெங்கோ சுற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் கேட்டது, ஓடைப் பக்கம் கேட்டது, அப்புறம் கம்பெனிக்குப் பின்னால் ரொம்ப தூரத்தில் கேட்டது. படுத்திருந்த சுமலதா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடேசன் காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டு டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தான். பூசாரியும் லோகுவும் கோயில் கூழுக்குக் கேழ்வரகு வசூலிக்கச் சாக்கோடு வந்தார்கள். லோகு பக்கத்துத் தெரு, எங்கே பேச்சு நடந்தாலும் அங்கே நிற்கிற ஆள். சுமலதா இரண்டு படி கேழ்வரகைச் சாக்கில் கொட்டினாள். மூவருக்கும் மோர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"நேத்து எல்லை கட்ட எந்த வழியாண்ணா போனீங்க? ரொம்ப நேரம் கேட்டுக்கினே இருந்துச்சே சத்தம்."

"எப்பவும் போற வழிதாம்மா" என்றார் அருணாச்சலம். "ஏரிக்கரையில எறங்கி, ஓடையத் தாண்டி, கம்பெனி காம்பவுண்டு பின்னாடியே போயி, அந்தாண்ட எல்லைக்கல்லுல காய ஒடச்சிட்டு ரோட்டுல ஏறினோம்."

"அம்மாந்தூரம் எதுக்குண்ணா? கம்பெனிக்கு இந்தாண்டயே திரும்பியிருந்தா சீக்கிரம் வந்திருக்கலாமே. முள்ளும் குத்தியிருக்காது."

வெங்கடேசன் முள்ளை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "இன்னா பேச்சு பேசற நீ? இந்தாண்ட திரும்பினா அத்தினி எடத்தையும் அவனுக்கு எழுதிக் குடுத்தா மாதிரி ஆவாது? இந்த லோகு கூட அப்டித்தான் சொன்னான். நான்தான் முடியாதுன்னு சொல்லி செவுத்த ஒட்டியே சுத்த வச்சேன். கேளு அவன!"

"ஆமாக்கா. கால் போனாலும் பரவால்லன்னு இழுத்துக்கினு போச்சு அண்ணன்."

"அப்ப கம்பெனி எல்லைக்கு உள்ளயா மாமா, வெளியயா?"

"உள்ளதான்! செவுரு கட்டிட்டா ஊரு மாறிடுமா? நூறு வருசம் ஆனாலும் அது நம்ம எல்லைதான்."

"நல்லா சொன்ன மாமா. அப்ப நாளைக்கி நான் கம்பெனிக்கு போனா எல்லையத் தாண்டினதா ஆவாது."

மோர் குடித்துக்கொண்டிருந்த லோகுவுக்குப் புரையேறியது. சிரிப்பும் இருமலுமாக அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்கடேசன் மோரைக் கீழே வைத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"அது வேற, இது வேற" என்றான்.

"எது வேற?"

"பூசாரியண்ணா, நீ சொல்லு இவளுக்கு."

அருணாச்சலம் மீசையைத் தடவினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "நான் இன்னாத்தப்பா சொல்றது? ஆத்தா சுத்தின எடம் உள்ளதான். இல்லன்னு சொன்னா நேத்து ஒடச்ச காய் வீணாப் பூடும். நீ படுத்துப் போராடினதும் வீணாப் பூடும். போவட்டும் உடு."

வெங்கடேசன் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னான். "போ. கயிறு மேல ஒரு சேதாரம் வந்துச்சின்னா அப்பால நான் மனுசனா இருக்கமாட்டேன்."

"இப்ப மட்டும்?" என்று சுமலதா வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பீரோவைத் திறந்து நல்ல புடவையாகத் தேடி, தேடியதையெல்லாம் கட்டில்மேல் போட்டு, கடைசியில் எப்போதும் கட்டுகிற காட்டன் புடவையையே எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை பூமிகாவுக்கு இட்லியும் கெட்டிச் சட்னியும் கட்டிக்கொடுத்து வேன் ஏற்றிவிட்டு, ஏரிக்குள் இறங்கிக் குறுக்கு வழியாக நடந்தாள். காற்று புடவையை ஒரு பக்கமும் அவளை ஒரு பக்கமும் இழுத்தது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பெயரைச் சரிபார்த்து உள்ளே விட்டான். கேட்டை ஒட்டி உள்பக்கம் ஒரு கொட்டகை. அங்கே மேசை போட்டு கிரேஸ் நின்றிருந்தாள். பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண், ஒல்லி, கண்ணாடி போட்டவள். வரிசையில் வந்த ஒவ்வொருத்தி கையையும் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். மோதிரம், வளையல், தலைப்பூ, நகப்பூச்சு எல்லாம் வெளியே. பெண்கள் வளையலைக் கழற்றி மூட்டைகட்டிப் பைக்குள் போட்டார்கள்.

சுமலதாவின் முறை வந்தது.

"இது இன்னாம்மா?"

"காப்பு மேடம். கோயில் காப்பு. ஞாயித்துக்கெழம வரைக்கும் அவுக்கக் கூடாது."

"தாலிய சட்டைக்கு உள்ள உட்டுக்கோ, ஒண்ணும் சொல்லமாட்டேன். கையில மட்டும் எதுவும் இருக்கக்கூடாது."

"மேல துணி சுத்திக்கிறேன் மேடம். கையுற போட்டுக்கிறேன்."

"அதுல ஒரு நூல் பிரிஞ்சி மாவுல உழுந்துச்சின்னா? எந்த ஊட்டுப் புள்ளயோ துன்னப் போவுது. நானே ஜெபமாலைய கழட்டி வச்சிட்டுத்தாம்மா உள்ள போறேன். தோ பாரு." கழுத்தைத் தடவிக் காட்டினாள். "கத்திரிக்கோல் அங்க கீது. வெட்டிட்டு வா. முடியாதுன்னா ஓரமா நில்லு, அடுத்த ஆள் வரட்டும்."

நியாயம்தான். அதுதான் சுமலதாவை இன்னும் வதைத்தது. அநியாயமாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். லைன் லீடராக இருந்தபோது ஐயப்பனுக்கு மாலை போட்ட பையனைக்கூட அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். எல்லையைத் தாண்டாமல் வந்துவிட்டோம் என்று குதித்தவளுக்கு இந்த விதி எப்படி நினைவில் வராமல் போனது! புத்தி வேலைக்குப் போகிற அவசரத்தில் ஊரை மட்டுமே பார்த்தது, கம்பெனியை மறந்துவிட்டது.

கத்திரிக்கோலை எடுத்தாள். ஓரமாக நகர்ந்து நின்றாள். வரிசை அவளைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. 'ஆத்தா, மன்னிச்சிக்கோ' என்று சொல்லிக் கத்திரிக்கோலைக் கயிற்றுக்குக் கீழே நுழைத்தாள். இரும்பு மணிக்கட்டில் ஜில்லென்று பட்டது. வேப்பிலைமேல் கண்மூடிக் கிடந்த பூமிகா கண்முன்னால் வந்தாள்.

"ஏய் லதா! வெட்டாத!"

கேட்டுக் கம்பிக்கு வெளியே வெங்கடேசன். நேரே சத்தியவேட்டுக்குப் போவதாகத்தான் வண்டியை எடுத்தான். எதற்கு இந்தப் பக்கம் திரும்பினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பொண்டாட்டி கயிற்றுக்குக் காவலா, பொண்டாட்டிக்கே காவலா? வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கேட்டை உலுக்கினான்.

"இன்னாய்யா இது அக்கிரமம்! எங்க ஊரு மண்ணுல நின்னுக்கினு எங்க ஊரு காப்ப வெட்ட சொல்றீங்களா? இது யாரு எடம் தெரியுமா?"

செக்யூரிட்டி நல்ல பையன். "சரிண்ணா, உங்க எடந்தான். பாஸ் கீதா?" என்றான்.

"எனுக்கு எதுக்குடா பாஸ்?"

"பாஸ் இல்லாம உள்ள உடக்கூடாதுண்ணா. கேட்ட உடுங்க."

சுமலதா கத்திரிக்கோலோடு கம்பிக்கு அருகில் வந்தாள். சாலையோரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன பச்சையம்மா, ஆடுகளை அம்போ என்று விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"வா லதா, ஊட்டுக்கு போலாம்" என்றான் வெங்கடேசன். குரல் இறங்கியிருந்தது.

"வரமாட்டேன் மாமா."

"கயித்த வெட்டப் போறியா? பாப்பாவ நெனச்சியா நீ?"

"பாப்பாவ நெனச்சித்தான் வந்தேன். அவளுக்குக் கட்டறதுக்கு இன்னும் எத்த விக்கப் போற? மாடு போச்சி. அடுத்தது இன்னா?"

பின்னால் கிரேஸ், "எம்மா, வர்றியா இல்லியா? கதவ மூடப் போறாங்க" என்று குரல் கொடுத்தாள்.

"ஒண்ணு, நான் வெட்டிட்டு உள்ள போவேன். இல்லன்னா நீ கைய நீட்டு" என்றாள் சுமலதா. அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "ரெண்டுல ஒண்ணு சொல்லு மாமா. எனுக்கு பயமா கீது. நெஜமாலுமே பயமா கீது. ஆனா நான் திரும்பி வரமாட்டேன்."

வெங்கடேசன் அவளைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், கத்திரிக்கோலைப் பார்த்தான். யானை உயர இயந்திரத்துக்கு முன்னால் படுத்தவனுக்கு அந்தச் சின்னக் கத்திரிக்கோலைப் பார்க்க உள்ளங்கை வேர்த்தது. இவள் வெட்டிவிடுவாள் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. அவளுக்குத்தான் அது தெரியவில்லை.

கம்பிக்கு நடுவில் வலது கையை நுழைத்து நீட்டினான். முகத்தை மட்டும் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சுமலதா கத்திரிக்கோலைக் கீழே போட்டாள். முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கினாள். மஞ்சளும் வேப்பிலையும் நாக்கில் கசந்தன. ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சும் நூல் அறாமல் கழன்றன. அவன் மணிக்கட்டு பெரிது, கயிறு எட்டவில்லை. இழுத்துப் பிடித்துக் கட்டினாள். "ஆத்தா, இந்த ஊட்ட காப்பாத்து" என்றாள். அவளுக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான்.

"டேய் வெங்கடேசா!" பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் சத்தியவேட்டு பக்கம் தல வச்சிப் படுத்துடாதடா!"

"நீ ஆட்டப் பாரும்மா!" என்று அவள்மேல் பாய்ந்தான். பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதோ ஒரு பாரத்தைத் தூக்கி வைத்தாற்போல அந்தக் கை தனியாகத் தொங்கியது.

"இப்ப நான் இன்னா பண்றது?" என்று கேட்டான்.

"கேவுரு ஊறிக்கினு கீது. தண்ணிய வடிச்சிட்டு ஈரத்துணியில கட்டி வையி, மொள விடட்டும். வாசல் தெளிச்சி வேப்பமரத்துக்கு ஒரு கொடம் ஊத்து. கவுச்சி தொடாத. சோறு வடிச்சிட்டேன், கொழம்பு மட்டும் நீ வையி."

"கொழம்பா? நானா?"

"காப்பு யாரு கையில கீது?"

கிரேஸ் மறுபடி கூப்பிட்டாள். சுமலதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வெறுங்கையை மேசைமேல் வைத்தாள். கிரேஸ் அதைப் புரட்டிப் பார்த்து, வெள்ளைக் கோட்டையும் தொப்பியையும் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே எங்கோ இயந்திரம் ஓடுகிற அதிர்வு தரை வழியாகக் காலுக்கு வந்தது. அந்த அதிர்வு அவளுக்குப் பழக்கமானது.

"லதா!"

அவன் இன்னும் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"எப்ப வருவ?"

இந்தப் பன்னிரண்டு வருஷமும் வாசலில் நின்று, வண்டி தெருமுனை திரும்புமுன் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள்தான். ஒருநாளாவது அவன் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னதில்லை.

சுமலதா நின்றாள். திரும்பினாள்.

"ஒண்ணரைக்கு வந்துடுவேன் மாமா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள்.